ரோபோவுக்கு அத்தையின் கை

என் அத்தையின் வலது கையை நான் நானூற்று எண்பது தடவை வரைந்திருக்கிறேன். வினாடிக்குப் பன்னிரண்டு படம், நாற்பது வினாடி. அத்தைக்குத் தன் கையைப் பற்றித் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். மணிக்கட்டு எந்த இடத்தில் திரும்ப மறுக்கிறது, எந்த விரல் மற்ற விரல்களுக்குப் பிந்தி வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே. அம்மா கொழுந்து எடுக்கிறவர், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்திலேயே இரண்டு காம்பரா தள்ளி இருந்தார். மாமா எப்போதோ கொழும்புக்கு வேலைக்குப் போனவர். போனவர் போனவர்தான். அத்தை தாலியைக் கழற்றவுமில்லை, அவரைத் தேடவுமில்லை. ஒரே மகளை நோர்வூட்டில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை பார்த்தேன். மாப்பிள்ளை முகத்துப் பருவை அழிப்பேன், மாமியார் கொட்டாவி விடுகிற இடத்தை வெட்டுவேன். எதை வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அந்த வருடம் அனிமேஷன் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து இணைய வழியாக நடத்தினார்கள். விஞ்ஞானக் கதை எழுதும் ஒரு வெளிநாட்டு எழுத்தாளரின் ரோபோக் கதைகளைக் கொடுத்து, அதிலிருந்து கிடைக்கிற யோசனையில் ஆளுக்கு மூன்று குறும்படம் செய்யச் சொன்னார்கள். கதைகளைப் பஸ்ஸில் போக வரப் படித்தேன். அந்த ரோபோக்கள் பாவப்பட்ட ஜீவன்கள். சொன்ன வேலையைச் செய்யும். திட்டினால் வாங்கிக்கொள்ளும். பழுதானால் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். இதை எழுதுவதற்கு ஏன் வெளிநாட்டில் பிறக்க வேண்டும், விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற எங்கள் பெரட்டுக் களத்தில் ஒரு காலை வந்து நின்றிருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

முதல் படத்தில் ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் வழி சொல்கிற ரோபோ. இரண்டாவதில் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற ரோபோ. இரண்டையும் பார்த்த பயிற்சி ஆசிரியர், "ஒங்க ரோபோ நடக்கல, சறுக்குது. ஒடம்புக்குப் பாரமே இல்ல. உண்மையான ஆள வீடியோ எடுத்து, அதுக்கு மேல வச்சு வரைங்க" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

மூன்றாவது படத்துக்குக் கொழுந்து எடுக்கும் ரோபோ என்று முடிவு செய்தேன். ஸ்டூடியோவில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அம்மாவும் அத்தையும் வேலை செய்கிற மலைக்குப் போனை எடுத்துக்கொண்டு ஏறினேன். அத்தைதான் என் ஆள் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். அந்த உயரமும் அந்த நிமிர்ந்த கழுத்தும் வேறு யாருக்கும் கிடையாது. பக்கத்துச் செடி நிரையில் நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அத்தை சிரித்தார்.

"என்னடி மருமகளே, என்னயப் போயி நடிகையாக்கப் போறியா?"

"ஆமா அத்த. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் இருக்கறதையே மறந்துருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொகத்த மட்டும் எடு. கைய எடுக்காத, என்ன?" என்றார்.

"சரி அத்த" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மழையில் வழுக்கி, அந்தக் கையை ஊன்றி விழுந்தவர். கட்டுப் போட்டு ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதற்குப் பிறகு அவர் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார். கேட்டால், குளிருக்கு விரல் விறைக்கிறது என்பார். "வெள்ளக்காரி வந்துட்டா, முள்ளுக்கரண்டி எங்க?" என்று நான்தான் வீட்டில் கேலி செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார்.

முகத்தை மட்டும் எடுத்தால் கொழுந்து எடுக்கிற ரோபோவை எப்படி வரைவது? நான் கொஞ்சம் தள்ளி நின்று முழு உருவத்தையும் எடுத்தேன். சரி என்று சொன்ன வாய் இன்னும் மூடியிருக்காது, அதற்குள் எடுத்துவிட்டேன்.

வரைய உட்கார்ந்தபோதுதான் கண்டேன். சாதாரணமாக ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு கையும் செடிக்குப் போகின்றன, தோளுக்கு மேலாகக் கூடைக்கு வருகின்றன, தாளம் பிசகவில்லை. ஒவ்வொரு படமாக நிறுத்தி வரையும்போது பொய் வெளியே வந்தது. இடது கைதான் கிள்ளுகிறது. வலது கை செடிக்கு மேல் போய் நின்று, விரல் மடங்காமல் அப்படியே திரும்புகிறது. கூடைக்கு மேல் வந்து விரிகிறது. அதிலிருந்து ஒரு இலைகூட விழவில்லை. நாள் முழுக்க, ஒரு இலைகூட இல்லாமல், அந்தக் கை போய்ப்போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். அத்தைக்குப் பின்னால் நிரை மாறிப் போகிற பெண் ஒருத்தி, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், தன் கையில் இருந்த கொழுந்தை அத்தையின் கூடையில் போட்டுவிட்டுப் போகிறாள். சற்றுப் பிந்தி இன்னொருத்தி. மூன்றாவதாகப் போனது என் அம்மா. நாற்பது வினாடியில் மூன்று கைப்பிடி. வேலையை மேற்பார்க்கிற கங்காணி பத்தடி தூரத்தில் நிற்கிறார். அவருக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே நின்று படம் எடுத்த எனக்கே தெரியவில்லையே.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். அத்தையின் கை செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்துக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆகாது என்று பேரை வெட்டிவிடுவார்கள். பேர் இல்லையென்றால் லயத்துக் காம்பராவும் இல்லை, கீழ் டிவிசனில் கட்டிக்கொண்டிருக்கிற தனி வீடும் இல்லை. பட்டியலில் அத்தைக்கு வீடு விழுந்திருந்தது. அஸ்திவாரத்தில் இலக்கம்கூட எழுதியாகிவிட்டது. சாவி கொடுக்கிற நாள்வரை பேர் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அதுவரைக்கும் கொழுந்தை நிறுக்கிற ஒவ்வொரு நிறுவைக்கும் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று இவர்களாகப் பேசி வைத்துக்கொண்டது.

"அவ மகளுக்குத் தலப்பிரசவம்டி. பிள்ளய அழைச்சுட்டு வந்து வைக்க அவளுக்கு ஒரு வாசல் வேணும். அந்தப் பத்தடிக் காம்பராவுல, கூரை ஒழுகுற எடத்துலயா பச்சப் புள்ளயப் போடுவா? அந்த வீட்டுக்குத்தான் அவ உசுர வச்சுக்கிட்டு இருக்கா. நீ வாயத் தெறந்த, கொன்னுருவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. என் படத்துக்குக் கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை என்பதுதான் உண்மை. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

படம் இதுதான். ஒரு கம்பெனி கொழுந்து எடுக்க ரோபோவைக் கொண்டுவருகிறது. அதன் வலது கை பழுதாகிறது. தெரிந்தால் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் மலையில் வேலை செய்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடியை அதன் கூடையில் போடுகிறார்கள். கடைசியில் தோட்டத்தை நடத்துகிற துரை கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு கைப்பிடி பறித்து ரோபோவின் கூடையில் போடுகிறார். ரோபோவின் தலைக்குள் விளக்கு எரிகிறது. முற்றும். ரோபோவுக்கு முகமே கிடையாது, தகரத் தலைதான், பிறகு யார் அடையாளம் காணப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை முகத்தை மட்டும் எடு என்றார். நான் முகத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பயிற்சியில் வந்த படங்களிலேயே அது நன்றாக இருந்தது. அடக்கம் எனக்கு வராது, நன்றாகத்தான் இருந்தது. எப்படிச் செய்தோம் என்று காட்டுவதற்காக, இடப்பக்கம் நிஜ வீடியோ, வலப்பக்கம் வரைந்த படம் என்று சேர்த்து ஒரு துண்டைக் கடைசியில் ஒட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கொழும்பில் திரையிட்டபோது படத்துக்குக் கிடைத்த கைதட்டலைவிட அந்தத் துண்டுக்குத்தான் அதிகம். இடப்பக்கம் அத்தை, வலப்பக்கம் தகரம், இரண்டு கையும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வரும். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

செய்தி தோட்டத்துக்கு வந்தது. துரைக்கும் வந்தது. துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனிதர் என்று பேர் எடுத்தவரில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளை செய்த படத்தை நம்ம ஆட்கள் பார்க்க வேண்டாமா என்று, சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் ஏற்பாடு செய்தார். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது, சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் படத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசித் துண்டை வெட்ட வேண்டும். ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் பருவை அழிப்பதற்கு இதைவிட அதிக நேரம் செலவழிப்பேன். விரலை வைத்தேன். கொழும்பில் கேட்ட கைதட்டல் காதில் இருந்தது. லயத்து ஆட்கள் வெறும் தகர பொம்மையைப் பார்த்துவிட்டு, இதென்ன பெரிய வேலை, கம்ப்யூட்டர் தானாகச் செய்கிறதுதானே என்பார்கள் என்று நினைத்தேன். நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அத்தை யாரென்று எல்லோருக்கும் தெரியும், கை என்னவென்று யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? விரலை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அத்தை முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளின் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழ நிறச் சேலை. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, தலையில் வைத்த பூவைத் தொட்டுக் காட்டினார்.

படம் ஓடியபோது சிரித்தார்கள். ரோபோவின் கூடையில் முதல் கைப்பிடி விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது. துரை நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். படத்துத் துரை கண்ணைத் துடைத்த இடத்தில் இவரும் மூக்கை உறிஞ்சினார், சத்தியமாக. கைதட்டினார்கள். பிறகு அந்தத் துண்டு வந்தது.

நாற்பது வினாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வலப்பக்கத்தில் தகரக் கையில் விரல்கள் மடங்கவில்லை என்று நான் சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். இடப்பக்கத்தில் அத்தையின் கை. பார்க்கத் தெரியாதவனும் பார்த்துவிடுவான், நான்தான் பாடம் நடத்தியிருந்தேனே. ஒருவரும் தட்டவில்லை. கங்காணி துரையைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வீடியோ எப்ப எடுத்தது?" என்று துரை கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. பழசு சேர், அத்தை விழுந்த புதிதில் எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். "போன மாசம்தான் சேர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு அசைவுகூட கற்பனை இல்ல சேர். அப்படியே அச்சு அசல்."

துரை தலையாட்டினார். மனதைத் தொட்டது என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் அத்தையின் பேரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். தோட்டத்து வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாராம். அத்தை இடது கையால் வாங்கிக்கொண்டாராம். வலதில் பிடிங்க என்றாராம். அந்த வாரமே பேரை வெட்டினார்கள். அம்மாவுக்கும் மற்ற இரண்டு பேருக்கும், கொழுந்தைக் கூடை மாற்றிப் போட்டதற்காக, மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. மலையில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் விழுந்தது மூன்று பேர்தான். அதையும் நான்தான் தெரிந்தெடுத்தேன், வெளிச்சம் நன்றாக இருந்த துண்டு என்று.

துரையைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தார்.

"சேர், படம் பாத்து அழுதீங்களே" என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அழுதேன்" என்றார். "நல்ல படம். ஆனா படத்துல வர்ற தொரைக்கு மேல ஆள் இல்ல, மகள். எனக்கு மேல இருக்காங்க. நீங்க அவ்வளவு பேருக்கு முன்னால போட்டுக் காட்டின பெறகு, நான் பாக்கலன்னு எப்பிடிச் சொல்றது?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

வீட்டுப் பட்டியலில் அத்தையின் பேரை அடித்துவிட்டு அடுத்து இருந்தவருக்குக் கொடுத்தார்கள். அடுத்து இருந்தது என் அப்பா. கடிதம் வந்த அன்று அம்மா அதைத் தொடவில்லை. "ஒங்கக்கா வீட்டுல நான் அடுப்பு பத்த வைக்கவா? எனக்கு வேணாம்" என்றார். அப்பா, "நாம எடுக்காட்டி அடுத்தவன் எடுப்பான்" என்றார். என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அப்பா பக்கம்தான். கூரை ஒழுகாத இடத்தில் கம்ப்யூட்டரை வைக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை.

அத்தை நோர்வூட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போனார். மகள் தாய் வீட்டுக்கு வந்து பிள்ளை பெற வேண்டிய மாதத்தில், தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளின் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார். மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அந்த வீட்டில் அத்தைக்குச் சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் தள்ளி வைப்பார்களாம், கரண்டி வைக்க மறந்துவிடுவார்களாம். அத்தை கேட்பதில்லையாம், இடது கையால் சாப்பிடுவாராம். மகள் போனில் அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்குக் கேட்டது.

அத்தை லயத்தைவிட்டுப் போன அன்று நான்தான் பெட்டியைப் பஸ்வரை தூக்கிப் போனேன். இரண்டு வசவு வாங்கிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஏறும்போது அத்தை திரும்பி, "கை நல்லா வந்திருக்கு மருமகளே" என்றார். "எனக்கே அதுவரைக்கும் தெரியாது, அவ்வளவு மோசமா இருக்குன்னு." குத்திச் சொன்னாரா, மனதார மெச்சினாரா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இருந்தது.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தோம். எங்கள் வழக்கத்தில் தம்பி வீட்டுக்கு அக்கா வந்துதான் முதல் பால் பொங்க வைக்க வேண்டும். கூப்பிடாமல் விட்டால் ஊர் கேட்கும். அப்பா போய்க் கூப்பிட்டார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. அதே மாம்பழ நிறச் சேலையில் வந்தார். சட்டியை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் போய், எங்கோ பார்த்துக்கொண்டு, சட்டியின் அடியில் தன் கையைக் கொடுத்தார். இருவருமாக அடுப்பில் வைத்தார்கள். மலையில் செய்தது போலவே செய்தார்கள்.

அப்பா என்னை வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். போன் கையில் இருந்தது. பால் பொங்கி வருகிற நேரம் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவயாவது மொகத்த மட்டும் எடுடி" என்றார்.

கிட்டே போனேன். திரை முழுக்க அத்தையின் முகம் வந்தது. பால் பொங்கியது, எல்லோரும் கும்பிட்டார்கள், அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நான்கு வினாடி எடுத்தேன். அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. போனைத் தாழ்த்தினேன், திரை தானாகவே அவருடைய வலது கையில் போய் நின்றது.